கிண்ணம் திறந்திருந்த ஆறு நாள்

அந்த மரக்கிண்ணம் மூடாமல் இருக்கும் வரையில் வீட்டில் ஒருவரும் சண்டையிடலாகாது என்று என் மகள் அறிவித்தபோது, மூன்றாண்டுகளாக நான் மனத்துக்குள் அடுக்கி வைத்திருந்த சொற்கள் அத்தனையும் தொண்டையிலேயே நின்றுவிட்டன.

கடந்த தை மாதம், பொங்கல் கழிந்த மறுவாரம், அவளும் அவள் கணவரும் வந்திருந்தனர். பசிபிக் பெருங்கடலின் நடுவே இருக்கும் அவாய்த் தீவில் அவள் செவிலியாகப் பணிபுரிகிறாள். அவர் அங்கேயே பிறந்து வளர்ந்தவர். பள்ளியில் கணக்குக் கற்பிக்கிறார். திருமணத்துக்குப் பின் சங்கரன்கோவில் வீட்டுக்கு அவர்கள் வருவது அதுவே முதன்முறை. ஏழாம் நாள் மாலை சென்னைக்குத் தொடர்வண்டி. அதற்குள் நான் பேசியாக வேண்டும்.

நடந்ததை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அவள் தன் விருப்பத்தைத் தொலைபேசியில் சொன்ன அன்று, மறுமொழி கூறாமல் இணைப்பைத் துண்டித்தேன். திருமணத்துக்குப் போகவில்லை; மனைவியையும் போகவிடவில்லை. அடுத்த மாதம் மாப்பிள்ளையின் தாயார் ஆங்கிலத்தில் கைப்பட ஒரு மடல் எழுதினார். நான்கு பக்கம். முழுவதும் சமையலைப் பற்றியது. அவருடைய பாட்டனார் கரும்புத் தோட்ட வேலைக்காகச் சப்பானிலிருந்து கப்பலேறி வந்தவர். தோட்டத்தில் நண்பகல் உணவு வேளையில் பல நாட்டுக் கூலிகளும் தத்தம் தூக்குச் சட்டிகளைத் திறந்து நடுவில் வைத்துப் பகிர்ந்துண்பார்களாம். அந்தப் பழக்கம் வீட்டு மேசைக்கும் வந்துவிட்டது. மணமுடித்து வருகிற ஒவ்வொருவரும் தம் பிறந்த வீட்டு உணவு ஒன்றை அந்த மேசைக்குக் கொண்டுவர வேண்டும். பாட்டி உப்பிலிட்ட புளிப்புப் பழத்தைக் கொண்டுவந்தார். மடல் எழுதியவரின் மாமியாரான போர்த்துகீசிய அம்மையார் இனிப்பு ரொட்டியை. அவருடைய தம்பியின் மனைவி பிலிப்பைன்சு முறைப்படி வினிகர் என்னும் காடியில் வேகவைக்கும் கோழிக்கறியை. மடல் இப்படி முடிந்தது: 'நீங்கள் புலால் உண்பதில்லை என்று மருமகள் சொன்னாள். உங்கள் உணவுக்கென்று தனிப் பாத்திரம் வாங்கி வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலிருந்து எது வருகிறது?'

விடை எனக்குத் தெரியும். சொதி. பாசிப்பருப்பும் காய்கறியும் தேங்காய்ப்பாலில் கூடிவரும் குழம்பு. எங்கள் நெல்லைச் சைவக் குடும்பங்களில் திருமணத்துக்கு மறுநாள் பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குப் படைக்க வேண்டிய விருந்து அது. அந்த ஒரு சொல்லை எழுதினால் நான் பெண்ணின் தகப்பன் என்று கையெழுத்திட்டதாகிவிடும். மடலை மடித்து அகராதிக்குள் வைத்தேன். சென்ற ஆண்டு அந்த அம்மையார் காலமானார்.

அன்றுமுதல் எங்கள் வீட்டில் சொதி வைக்கப்படவில்லை. நானும் கேட்கவில்லை, மனைவியும் காரணம் சொல்லவில்லை.

வந்த அன்று காலையிலேயே மாப்பிள்ளைக்குச் சேப்பங்கிழங்கு வேண்டியிருந்தது. மகளும் நானும் சந்தைக்குப் போனோம். வழியில் பேசிவிடலாம் என்று எண்ணினேன். தேரடி வரைக்கும் முதல் சொல்லைத் தேடிக்கொண்டே நடந்து, கடைக்கு வந்து சேர்ந்துவிட்டேன்.

"என்ன அண்ணாச்சி, சாக்கோட அள்ளுதீங்க? பொங்கல்தான் முடிஞ்சு போச்சே. வீட்ல கல்யாணமா?" என்றார் கடைக்காரர்.

"விருந்தாளி வந்திருக்காங்க" என்றேன்.

மகள் என்னைப் பார்க்கவில்லை. கிழங்கிலிருந்த மண்ணை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை கிழங்கை அவித்து, தோலுரித்து, கல்லுரலில் இட்டுச் சிறிது சிறிதாக நீர் தெளித்து இடித்தார். அவர்கள் ஊர்ச் சேம்பு நெல்லைப் போல் தண்ணீர் வயலில் விளைவதாம். நம் கிழங்கு சிறிது, வழவழப்பு மிகுதி. உலக்கையோடு ஒட்டிக்கொண்டு எழும்பிய அதனை ஒருவாறு பசையாக்கி, தம் தாயாரின் மரக்கிண்ணத்தில் வழித்து உணவு மேசையின் நடுவில் வைத்தார். கிண்ணத்தை ஆடைகளுக்கிடையே பொதிந்து கடல் கடந்து கொண்டுவந்திருந்தார்கள்.

மகள் விளக்கினாள். அந்தத் தீவின் பழங்குடியினர்க்குச் சேம்புதான் மூத்த பிள்ளை. முதலில் பிறந்த குழந்தை இறந்துபோக, புதைத்த இடத்தில் சேம்பு முளைத்தது. அடுத்துப் பிறந்தவனே மனிதன். ஆகவே கிண்ணம் திறந்திருந்தால் தமையன் வந்து அமர்ந்திருப்பதாகப் பொருள். அவன் முன்னிலையில் கடுஞ்சொல் கூடாது, வழக்கு கூடாது.

"அப்ப இது அண்ணாச்சின்னு சொல்லு. அண்ணாச்சி இருக்கையில வாயத் தொறக்கக் கூடாது, அதான?" என்றாள் என் மனைவி.

மாப்பிள்ளை அந்தச் சொல்லைப் பற்றிக்கொண்டார். "அண்ணாச்சி" என்று கிண்ணத்தைச் சுட்டிக் காட்டினார். "மாமா, சாப்பிடுங்க" என்றார். அவர் அறிந்த மற்றிரு சொற்கள் அவை.

இரண்டு விரலால் எடுத்து உண்டேன். புளியங்குடி எலுமிச்சை ஊறுகாய் தொட்டுக்கொண்டதால் முதலில் ஒன்றும் தெரியவில்லை. சற்று நேரத்தில் தொண்டை முழுவதும் நமைச்சல். தோல் உரிந்தால் வெந்துவிட்டது என்று கொள்வது நம் வழக்கம்; அவர் ஊரில் அதை மணிக்கணக்கில் வேகவைப்பார்களாம். அடுப்பை அணைக்கச் சொன்னவன் நான்தான். இருமினேன். நீர் குடித்தேன். எழுந்து நடந்தேன்.

"தொண்டை அரிக்குதுன்னு சொல்லலாமா, அதுவும் சண்டைக் கணக்கா?" என்று கேட்டேன்.

மகளின் வாயோரத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பாக முதிருமுன் அடக்கிக்கொண்டாள்.

"புளித்தண்ணி ஊத்தி வேக வச்சிருக்கணும் மாப்ள" என்று மனைவி மோரை நீட்டினாள். அவருக்கும் அரித்திருக்கிறது. கண்கள் சிவந்திருக்க, மரியாதைக்காக இன்னொரு வாய் எடுத்துக்கொண்டிருந்தார்.

அடுத்து வந்த நாள்களை நான் நடந்தே கழித்தேன். முன்கட்டிலிருந்து பின்கட்டு, பின்கட்டிலிருந்து முன்கட்டு. கடிகாரத்தைப் பார்ப்பேன், நாள்காட்டியைப் பார்ப்பேன். உணவுக்கு அமரும்போதெல்லாம் தொடக்கச் சொல் ஒன்றை ஆயத்தமாக வைத்திருப்பேன். கிண்ணம் திறந்திருக்கும்.

"குட்டி போட்ட பூனை மாதிரி எதுக்கு இப்பிடி நடக்கீங்க? ஒரு எடத்துல உக்காருங்களேன்" என்றாள் மனைவி.

உட்கார்ந்தால் காதில் விழுந்தவை இன்னும் வருத்தின. பசை மறுநாள் புளித்தது. நம் தோசை மாவைப் போலவே புளித்திருக்கிறது என்று மாப்பிள்ளை இரண்டையும் மாறி மாறி முகர்ந்து மகிழ்ந்தார். மகள் அந்த வீட்டு மேசையைப் பற்றித் தாயிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: எந்தக் கறி இருந்தாலும் சோறு இல்லாமல் அவர்களுக்கு உணவில்லை, அதன் அருகிலேயே குளிர்ந்த மக்ரோனியும் இருக்கும், ஒருவர் தட்டில் நான்கு நாடுகள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும், எவரும் கரையிட்டுப் பிரிப்பதில்லை.

"அத்தை ரசம் வைக்கப் படிச்சாங்கம்மா. மிளகை அள்ளிப் போட்டுட்டு அவங்களே இருமுவாங்க. பாதியிலயே எங்கிட்ட கேப்பாங்க, ஒங்க வீட்டுச் சாப்பாடு இதுதானா, இல்ல வேறயான்னு."

"நீ என்னத்தச் சொன்ன?"

"அப்பா எழுதுவாங்கன்னு சொன்னேன்."

நான் அடுத்த அறையில் செய்தித்தாளை விரித்து வைத்திருந்தேன். ஒரு வரியும் படிக்கவில்லை.

நான்காம் நாள் பிற்பகல் கிண்ணம் வெறுமையாக இருந்தது. கழுவித் துடைத்தாயிற்று. ஆயினும் மேசையின் நடுவில் வாய் திறந்தபடி வைக்கப்பட்டிருந்தது. "இதை ஏன் எடுத்து வைக்கல?" என்று கேட்டேன். "காயட்டும்" என்றாள் மகள். அது காய்ந்துதான் இருந்தது. அன்று மாலையும் அங்கேயே இருந்தது. ஐந்தாம் நாளும், ஆறாம் நாளும். அப்போதுதான் விளங்கியது. அவள் காத்தது மாமியார் வீட்டு வழக்கத்தை மட்டும் அன்று. என் நாவுக்கு அவள் அஞ்சினாள். நான் வாய் திறந்தால் மீண்டும் இணைப்பைத் துண்டிப்பேன் என்று எண்ணி, அந்தக் கிண்ணத்தை எங்களிருவர்க்கும் இடையில் நிறுத்தி வைத்திருந்தாள். இது விளங்கிய பின் நான் எவ்வாறு தொடங்குவது? நடை இன்னும் கூடியது.

ஏழாம் நாள் காலை, இட்டிலி உண்டு முடித்ததும், என் மனைவி அடுக்களையிலிருந்து எவர்சில்வர் தட்டு ஒன்றை எடுத்துவந்து கிண்ணத்தின்மேல் கவிழ்த்தாள்.

"ஆறு நாளா அண்ணாச்சி கண்ணு மூடல. கொஞ்சம் தூங்கட்டும். சாயங்காலம் வண்டி. ரெண்டு பேரும் பேசி முடிங்க."

மாப்பிள்ளைக்கு மொழி தெரியாவிடினும் தட்டின் பொருள் தெரிந்தது. அவர் எழுந்து கொல்லைப் பக்கம் சென்றார். மனைவியும் பின்னால் போனாள்.

மகள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "ஒரு கடுதாசிப்பா. ஊர்ல யாருக்கு மனு எழுதணும்னாலும் உங்ககிட்டதான வாராங்க. அத்தை தெனமும் தபால் பெட்டியத் தொறந்து பாத்தாங்க. ஆஸ்பத்திரிக்குக் கெளம்புன அன்னைக்கும் பாத்துட்டுதான் கார்ல ஏறுனாங்க."

"எழுதினா ஒத்துக்கிட்டதா ஆயிரும்னு இருந்தேன்."

"ஒத்துக்கிட்டா என்ன?"

"நீ இன்னொரு தடவ கேப்பேன்னு நெனச்சேன்."

"எத்தன தடவ கேக்கணும்? கேட்டேன்லா? போன வச்சீங்கள்லா?"

"ஏட்டி, சத்தம் போடாத. அங்கன மாப்பிள்ளை நிக்காரு."

"போடுவேன். மூடித்தான இருக்கு!" என்று மேசையைத் தட்டினாள். தட்டு அதிர்ந்தது. பிறகுதான் நான் சொன்ன சொல் அவளுக்கு உறைத்தது. "இப்பதான் வாயில வருதா, மாப்பிள்ளைன்னு? சந்தையில விருந்தாளி."

"தப்புதான்" என்றேன். அதையே இன்னொரு முறை சொன்னேன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் எழுந்து அடுக்களைக்குள் போனேன். அங்கே போய் நின்ற பிறகுதான் என்ன செய்ய வந்தேன் என்பது எனக்கே தெரிந்தது.

"இன்னைக்குச் சொதி. நான் வைக்கேன்" என்றேன், கொல்லையிலிருந்து திரும்பிய மனைவியிடம்.

"நீங்களா? சுடுதண்ணி வச்சிருக்கீங்களா இதுவரைக்கும்?" என்றவள், மறுபேச்சின்றித் தேங்காயை எடுத்து உடைத்தாள்.

மாப்பிள்ளை துருவினார். தீவுக்காரர் அல்லவா, நான் ஒரு மூடியோடு மல்லாடுவதற்குள் மூன்றை முடித்துவிட்டார். மனைவி சொல்லச் சொல்ல முதற்பாலைத் தனியே வைத்தேன், இரண்டாம் பாலிலும் மூன்றாம் பாலிலும் காய்களை வேகவிட்டேன், வெந்த பருப்பைச் சேர்த்தேன், முதற்பாலை ஊற்றினேன். எல்லாம் கூடிவந்த நேரத்தில், வண்டிக்கு நேரமாகிறதே என்ற பதற்றத்தில், அடுப்பில் இருக்கும்போதே எலுமிச்சையைப் பிழிந்துவிட்டேன். பால் திரிந்து துணுக்குத் துணுக்காக மிதந்தது.

"எறக்கிட்டுப் பிழியணும்னு சொன்னேன்லா!"

திரிந்த சொதியை நால்வரும் உண்டோம். இஞ்சித் துவையல் மட்டும் என் மனைவியின் கைப்பக்குவம். அதுதான் எங்களைக் காப்பாற்றியது. மாப்பிள்ளை மூன்று முறை வாங்கிக்கொண்டார். "இன்னும் கொஞ்சம், மாப்பிள்ளை" என்று ஒவ்வொரு முறையும் நானே ஊற்றினேன். அவர் அன்று மரியாதைக்காக உண்டாரா, விரும்பி உண்டாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

நிலையத்தில் வண்டி வந்து நின்ற பிறகு மகள் படியில் ஏறி நின்று சொன்னாள்: "மன்னிச்சாச்சான்னு கேக்காதீங்கப்பா. அது இப்ப தெரியாது. நீங்க எழுதுங்க. அத்தை பேருக்கே எழுதுங்க. அவங்க தவறுன நாள் வரும்லா, அன்னைக்கு அந்த மேசையில வச்சு நான் வாசிக்கேன்."

அந்த நாளுக்கு இன்னும் இரண்டு வாரங்களே உள்ளன. எத்தனையோ தாள்களைக் கிழித்துவிட்டேன். 'பெருமதிப்பிற்குரிய அம்மையீர்' என்று தொடங்கியவை அனைத்தும் குப்பைக்குப் போயின. இன்று காலை 'அன்புள்ள சம்பந்தியம்மா' என்று எழுதினேன். அதற்கடுத்த வரியில், எங்கள் வீட்டிலிருந்து வருவது சொதி என்றும், அது மூன்றாண்டு காலம் தாழ்த்தி வருவதற்கு நானே காரணம் என்றும் எழுதினேன். பிறகு தேங்காய், பால், பருப்பு எல்லாம் வரிசைப்படி. கடைசியில், அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே எலுமிச்சையைப் பிழிய வேண்டும், நான் அடுப்பிலேயே பிழிந்து கெடுத்தேன், உங்கள் மகன் அதையும் உண்டார் என்று முடித்தேன்.

மனைவி படித்துவிட்டு, "உப்ப விட்டுட்டீங்க" என்றாள். ஓரத்தில் உப்பையும் எழுதி உறையை ஒட்டிவிட்டேன். மணி நான்கைத் தாண்டிவிட்டது. அஞ்சலகத்தை மூடிவிடுவார்கள். செருப்பைக் காணவில்லை.