குரங்கு மூன்று தரம் விழுந்தது

என்னோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் பிள்ளை போன கிழமை தன் தம்பிக்குப் பிறந்தநாள் பரிசு தேடிக்கொண்டிருந்தாள். அவனுக்குப் பழைய ரீவி கேம் என்றால் பைத்தியமாம். அந்தக் காலத்து அசல் பெட்டியை எங்கேயாவது தேடி வாங்கிக் கொடுப்பதா, அதே கேம்களைப் போனில் ஓடவைக்கிற நகலே போதுமா என்று என்னைக் கேட்டாள். கொழும்பு, ஓமான், இப்போது நீர்கொழும்பு விடுதியொன்றின் சமையலறை என்று கால் நிற்காமல் திரிகிறவள் நான். எட்டாம் வகுப்பைத் தாண்டவில்லை. என்னிடம் இதைக் கேட்டதே வேடிக்கை.

போனை என் கையில் தந்தாள். தலையில் விளக்கைச் சுமந்தபடி ஒரு குரங்கு நின்றது. எனக்குத் தெரிந்த குரங்கு. ஓடவிட்டேன். முதல் கிணற்றிலேயே தொப்பென்று விழுந்தது.

"சத்தம் பிந்துது" என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் ஒரு காலத்தில் இதே சொல்லைக் கேட்டு இப்படித்தான் சிரித்தேன். சொன்னவர் என் மாமா.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. சாவகச்சேரிக்கு உள்ளே, பாதி ஓடும் பாதித் தறப்பாளுமாகக் கூரை போட்ட வீட்டில் அம்மா, மாமா, நான் மூன்று பேர். நாங்கள் இடம்பெயர்ந்து திரிந்த நாட்களில் வெடித்த செல்லின் துண்டொன்று மாமாவின் வலக்கண்ணைக் கொண்டுபோய்விட்டது. இடக்கண் இருந்தது. ஆனால் அதில் வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் தெரியும். வாசல் எது, சுவர் எது என்று பகலில் பிரித்துச் சொல்லுவார். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

அப்படியிருந்தும் வாசல் படலைக்குப் பக்கத்தில் தகரக் கொட்டில் போட்டுச் சைக்கிள் திருத்தினார். ஓட்டை விழுந்த ரியூப்பைக் கன்னத்துக்குக் கிட்டப் பிடித்து, காற்று வரும் இடத்தைக் கண்டுபிடிப்பார். குரல் வந்த பக்கம் அளவாக முகத்தைத் திருப்பிக் கதைப்பார். கறுப்புக் கண்ணாடியும் போட்டிருந்தபடியால் வந்துபோகிறவர்களில் பாதிப் பேருக்கு விஷயமே தெரியாது. கேட்டவர்களுக்கு அம்மா சொன்ன பதில் ஒன்றுதான்: "ஒரு கண்தான் பழுது. மற்றது தங்கம்."

ரீவி கேம் பெட்டியை சுவிஸிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் திரும்பிப் போகும்போது விட்டுவிட்டுப் போனார். சாம்பல் நிறப் பெட்டி, இரண்டு ரிமோட், ஒரேயொரு கசெற். அந்தக் கசெற்றில் இருந்தது இந்தக் குரங்குதான். விளக்கு அணையாமல் ஓடவேண்டும், வழியில் வரும் கிணறுகளைத் தாண்டவேண்டும். கசெற்றின் வாயில் ஊதிச் செருகினால்தான் படம் வரும். பெட்டி சூடேறினால் அரை மணித்தியாலம் விசிறவேண்டும். எங்களிடம் இருந்த குண்டு ரீவியோ பச்சை நிறத்தை மறந்துபோன ரீவி.

ஆரம்பத்தில் மாமாவுக்குப் பக்கத்தில் இருந்து, "இப்ப குதியுங்கோ" என்று நான் கத்துவேன். பத்து நாளில் என் கத்தல் தேவைப்படவில்லை. குரங்கு அடி வைக்கும்போது டிக் டிக் என்று ஒரு சத்தம் வரும். கிணறு கிட்ட வந்தால் அந்தச் சத்தம் கொஞ்சம் ஆழமாகும். மாமா அதைப் பிடித்துக்கொண்டார். கிணறுகள் ஒருநாளும் இடம் மாறுவதில்லை என்பது அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. "இவன் நல்லவன். சொன்ன இடத்திலை நிற்பான்" என்பார். பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நான் ஒளித்து நின்ற நாட்களில் நாங்கள் இருவரும் இருபத்தொரு கிணறு தாண்டியிருக்கிறோம்.

மாமாவுக்கு இரண்டு இடத்தில் கலியாணம் பேசி, கண் விஷயத்தைச் சொன்னவுடனேயே இரண்டும் நின்றுபோனது. மூன்றாவது, அச்சுவேலிப் பக்கத்திலிருந்து வந்தது. இந்த முறை அம்மா வாயைத் திறப்பதில்லை என்று முடிவெடுத்தா.

"அக்கா, சொல்லிப்போட்டுச் செய்வம்" என்றார் மாமா.

"முதல்லை தாலியைக் கட்டு. பேந்து ஆறுதலாச் சொல்லுவம்."

மாமா எழும்பிக் கொட்டிலுக்குப் போய்விட்டார். அன்று பின்னேரம் என்னையும் அங்கே கூப்பிட்டு, கலியாணப் பொம்பிளையின் படம் எப்படி என்று கேட்டார். நாடி சின்னன், இடக்கன்னத்தில் ஒரு மச்சம் என்றேன்.

"சிரிக்கிறாவோ?"

"இல்லை மாமா. சிரிக்கப் போறா மாதிரி இருக்கிறா."

அந்தக் கிழமைக்குள் இதே கேள்வியை நாலு தரம் கேட்டார். நாலு தரமும் ஒரே பதிலைக் கேட்டுக்கொண்டு போய் சைக்கிளுக்குக் காற்றடித்தார்.

பொம்பிளையின் தமையன் கொம்பியூட்டர் கடை வைத்திருப்பவர். கண் விஷயத்தில் அவருக்கு ஒரு சந்தேகம் இருந்ததாகத் தரகர் வந்து சொன்னார். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கண் தெரியாதவன் ரீவி கேம் விளையாடுவானோ? வந்து பார்க்கச் சொல்லுங்கோ!" என்றா. தரகரும் அதை அப்படியே கொண்டுபோய்ச் சொல்லிவிட்டார். அப்படியென்றால் தாங்கள் வந்து பார்க்கிறோம் என்று அங்கேயிருந்து பதில் வந்தது. அதுமட்டுமல்ல, பொம்பிளையும் கூட வருகிறாவாம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டுக்குப் பொம்பிளை வந்து பார்க்கிற வழக்கம் கிடையாது. அம்மா நெற்றியைச் சுருக்கினா. பிறகு ஒத்திகையைத் தொடங்கினா.

உள்வாசலிலிருந்து கதிரைக்கு ஒன்பது அடி. தேத்தண்ணிக் கோப்பை எப்போதும் வலப்பக்க முக்காலியில். பொம்பிளை வலப்பக்கம் இருந்தால் அம்மா ஒருதரம் இருமுவா, இடப்பக்கம் என்றால் இரண்டு தரம். குரங்கு தன்பாட்டில் இருபது கிணறு தாண்டும். எல்லாம் சரி.

தமையனும் பொம்பிளையும் தரகரும் ஒரு வான் பிடித்து வந்திறங்கினார்கள். மாமா ஒன்பது அடி நடந்து வந்து, கும்பிட்டு, கதிரையில் வடிவாக இருந்தார். நாங்கள் யோசிக்காமல் விட்டது தரகரின் சுருட்டுப் பழக்கம். அவர் வந்த நேரம் தொட்டு இருமிக்கொண்டேயிருந்தார். பாவம் மாமா, வலப்பக்கமும் இடப்பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பி யாருமில்லாத இடங்களைப் பார்த்தெல்லாம் புன்னகைத்தார். பொம்பிளை நேரே எதிரில் இருந்தா. மாமாவையே பார்த்துக்கொண்டு இருந்தா.

நான் பெட்டியைத் துடைத்துக் கசெற்றை ஊதத் தொடங்கினேன். தமையன் தன் பையிலிருந்து ஒரு லப்டொப்பை எடுத்தார்.

"உந்தப் பழசை ஏன் பிள்ளை ஊதுறாய்? உந்தக் கேம் இதுக்குள்ளையும் இருக்கு. நானூறு கேம் இருக்கு."

நானூறு! என் கையிலிருந்த கசெற் ஒன்று. அவர் மூடியைத் திறந்ததும் குரங்கு வந்து நின்றது. அது மண்ணிறக் குரங்கு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். விளக்குச் சுடர்கூட அசைந்தது. ஊதத் தேவையில்லை, விசிறத் தேவையில்லை, விழுந்தால் விழுந்த இடத்திலிருந்தே தொடங்கலாம். அம்மா என்னைக் கண்ணால் சுட்டதை நான் கவனிக்கவில்லை.

"ஓம் மாமா, இதிலை விளையாடுங்கோ. இதுதான் திறம்!" என்று நானே அவருடைய விரல்களைப் பிடித்துப் பொத்தான்களின்மேல் வைத்தேன்.

குரங்கு ஓடியது. முதல் கிணற்றில் விழுந்தது. மாமா மறுபடி தொடங்கினார். விழுந்தது. மூன்றாம் தரம் தலையைச் சரித்து, ரியூப்பில் காற்றுத் தேடுவதுபோலக் காதைக் கொடுத்தார். அப்போதும் விழுந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தும் விட்டேன்.

"இதிலை சத்தம் பிந்திக் கேக்குது" என்றார் மாமா.

தமையன் நிமிர்ந்தார். "கேக்குதோ? தம்பி, இது பாத்து விளையாடுறதெல்லோ?"

தரகர்கூட இருமுவதை நிறுத்திவிட்டார். அம்மா பலகாரத் தட்டோடு வாசலில் அப்படியே நின்றா. மாமா லப்டொப்பிலிருந்து கையை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டார். அவர் வாயைத் திறந்ததைப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொல்லப்போகிறார் என்று எனக்கே விளங்கியது.

அப்போதுதான் பொம்பிளை முதன்முதலாகக் கதைத்தா.

"அண்ணை, உங்கடை பெட்டிதான் பிழை. அவர் தன்ரை பெட்டியிலை விளையாடட்டும்."

"அதுவும் இதுவும் ஒண்டுதானே, தங்கச்சி."

"ஒண்டெண்டா அதிலை விளையாடினா என்ன? பிள்ளை, நீ கசெற்றை ஊது."

நான் மூச்சு முட்டும்வரை ஊதினேன். குண்டு ரீவி உறுமிக்கொண்டு வெளித்தது. பச்சை இல்லாத மரங்கள் வந்தன. மாமா ரிமோட்டை வாங்கியதும் அவருடைய தோள் இறங்கியது. டிக் டிக், குதி. ஒன்று, இரண்டு, ஐந்து. தமையன் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டார்.

ஏழாவது கிணற்றடியில் பொம்பிளை எழும்பி, அம்மாவின் கையிலிருந்த தட்டை வாங்கி, எல்லோருக்கும் பயித்தம் பணியாரம் கொடுக்கப் புறப்பட்டா. கொடுக்கப் போனவ நேரே வந்து ரீவிக்கு முன்னால் நின்றுவிட்டா. மாமாவுக்கும் ரீவிக்கும் நடுவே, சீலையை விரித்தாற்போல, தட்டும் கையுமாக.

"அக்கா, தள்ளுங்கோ! மாமாவுக்கு மறைக்குது!" என்று கத்தினேன்.

அவ தள்ளவில்லை. மாமாவும் நிறுத்தவில்லை. எட்டாவது கிணறு, ஒன்பதாவது, பத்தாவது. அவவுடைய முதுகுக்குப் பின்னால் குரங்கு விளக்கைச் சுமந்துகொண்டு தாண்டிக்கொண்டே போனது. அவ மாமாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றா. படத்தில் தொடங்காமல் இருந்த சிரிப்பு அங்கே தொடங்கியது. பிறகு மெதுவாக ஒதுங்கி, தமையனிடம் தட்டை நீட்டினா.

"வடிவாப் பாத்துத்தான் விளையாடுறார், அண்ணை. எனக்குச் சம்மதம்."

இப்படிப் பார்வையை மறைத்துக்கொண்டு நிற்கிற, இடம்வலம் தெரியாத பொம்பிளையா மாமாவுக்கு என்று எனக்குக் கவலையாக இருந்தது. அம்மாவோ அவர்கள் போனதும் குசினிக்குள் என்னைக் கட்டிப்பிடித்து, "ஏமாத்திப்போட்டமடி!" என்று குதித்தா. அம்மா குதித்து நான் பார்த்தது அந்த ஒருதரம்தான்.

கலியாணம் கோயிலில் நடந்தது. எங்கள் வழக்கப்படி மாமா பொம்பிளை வீட்டுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் அம்மாவுக்குப் புதிய பயம் பிடித்தது. புது வீடு, புது வளவு. கிணற்றுக் கட்டும் முழங்காலளவுதானாம். "நீ ஒரு கிழமை அங்கை நில். மாமான்ரை கண்ணா இரு. மாமிக்கு மட்டும் விளங்கப்படாது" என்று சொல்லி என்னை அனுப்பினா. கேம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பெரிய உளவாளியைப்போல அச்சுவேலியில் போய் இறங்கினேன்.

போன அன்றே மாமியைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். கலியாணப் பரிசாகத் தமையன் அந்த லப்டொப்பையே கொண்டுவந்து கொடுத்திருந்தாராம். "எங்களுக்கு அந்தப் பழைய பெட்டியே காணும்" என்று மாமி திருப்பி அனுப்பிவிட்டா. நானூறு கேம்! அந்த இழப்பை நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த நாள் காலையில் எழும்பிப் பின்பக்கம் போனால், விறாந்தைத் தூணிலிருந்து கிணற்றடி வரைக்கும் புதுக் கயிறு. கிணற்றடியிலிருந்து கக்கூசுக்கு இன்னொன்று. முன்பக்கத்தில் மாமாவின் சைக்கிள் சாமான்கள் இருந்த கொட்டிலுக்கு மூன்றாவது. எல்லாம் இடுப்பளவு உயரம். திரும்புகிற இடங்களில் பெரிய முடிச்சு.

"மாமி, உவ்வளவு தாழ உடுப்புக் கொடி கட்டினா சீலை மண்ணிலை முட்டுமெல்லோ?"

"உயரத்திலை கட்ட எனக்கு எட்டாது, பிள்ளை" என்றா மாமி. அவ மாமாவைவிட அரைச் சாண் உயரம்.

கொஞ்ச நேரத்தில் மாமா வந்தார். கயிற்றில் கையை வைத்தார். அடியும் எண்ணாமல், என்னையும் கூப்பிடாமல், சீட்டியடித்துக்கொண்டு நேரே கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினார். எனக்கு நெஞ்சு ஆறியது. மாமியின் தெரியாத்தனம் எங்களுக்கு எவ்வளவு உதவியாகப் போய்விட்டது!

ஓடிப்போய் அம்மாவுக்குப் போன் எடுத்தேன். ரகசியமாகச் சொன்னேன்.

"அம்மா, மாமிக்கு ஒண்டும் விளங்கேல்லை. அவ நல்லவ, ஆனாக் கொஞ்சம் மொக்கு. கொடி கட்டவும் தெரியாது. இடுப்பளவிலை கிணத்தடிக்கு ஒண்டு, கக்கூசுக்கு ஒண்டு, கொட்டிலுக்கு ஒண்டு கட்டி வைச்சிருக்கிறா. மாமா அதைப் பிடிச்சுக்கொண்டு வடிவாப் போய்வாறார். ஒருத்தருக்கும் தெரியாது."

மறுமுனையில் அம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"நீ இண்டைக்கே வீட்டை வா."

"ஒரு கிழமை நிக்கச் சொன்னியளே?"

"நிண்டது காணும். இனி நீ அங்கை தேவையில்லை. வா."

மாமியின் தமையன் என்னைக் கொண்டுவந்து பஸ் ஏற்றிவிட்டார். மாமி தந்த பணியாரப் பொதி மடியில் சூடாக இருந்தது. என்ன பிழை விட்டேன், என்னை ஏன் இப்படி இரண்டாம் நாளே வேலையிலிருந்து நிறுத்தினார்கள் என்று விளங்காமல், நான் பாதி வழிவரை அழுதுகொண்டே அதைச் சாப்பிட்டேன்.