கதவுக்குக் கீழே ஒரு குடம் தண்ணீர்

வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து முடிக்கும்வரை அவர் உரிமையாளரின் முகத்தைப் பார்ப்பதில்லை. சக்கரத்தின் உள்விளிம்பில் விரலை வைத்து இழுத்து, அந்த விரலை மூக்கருகே கொண்டுபோவார். டயர் இடுக்கில் சிக்கிய கல்லை நகத்தால் நெம்பி எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்ப்பார். பிறகுதான், எதிர்த்தரப்புச் சாட்சியைக் கூண்டில் ஏற்றியதுபோல நிமிர்ந்து, "சொல்லுங்க. எங்க இடிச்சீங்க?" என்பார். வந்தவர் பாவம், எங்கேயும் இடிக்கவில்லை, எண்ணெய் மாற்றத்தான் வந்தேன் என்று சொன்னால், "ம்" என்று ஒரு சத்தம் வரும். நம்பிவிட்டேன் என்று அதற்குப் பொருள் இல்லை. நீ சொன்னதை நினைவில் வைத்திருக்கிறேன் என்று பொருள்.

தெருவில் அவருக்கு வக்கீல் என்று பெயர். சட்டப் புத்தகத்தின் அட்டையைக்கூடத் தொட்டதில்லை, கார் மெக்கானிக். எஞ்சின் வேலையில் கெட்டிக்காரர் என்பதை அவரைப் பிடிக்காதவர்களும் ஒப்புக்கொள்வார்கள். "வண்டிக்கு வாய் கிடையாது, அதனால பொய் சொல்லாது. வாய் இருக்கறவன்தான் சொல்வான்" என்பது அவர் அடிக்கடி சொல்வது. சொல்லும்போது எதிரில் யார் இருந்தாலும் அவருடைய வாயைத்தான் பார்ப்பார்.

மரப்பிடி போட்ட நீளமான திருப்புளி ஒன்று வைத்திருக்கிறார். அதன் முனையை எஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். உள்ளே எது தேய்கிறது, எது உரசுகிறது என்பது அந்தக் கம்பி வழியே அவருக்கு வந்து சேரும். பல வருஷம் காதில் அழுந்தி அழுந்திப் பிடியே ஒரு பக்கம் குழிந்துவிட்டது. வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. மனைவி ஒருமுறை டப்பா மூடியை நெம்ப அதை எடுத்ததற்கு, அந்த வாரம் முழுக்க வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை.

சட்டைப் பையில் எப்போதும் ஒரு பசைக் குழாய் இருக்கும். சாம்பல் நிறப் பசை. கண்ணாடி ஓரம், பைப் இணைப்பு என்று எந்த இடுக்கையும் அடைப்பதற்கானது. அடுத்தவர் முடித்த வேலையை அவர் இன்னொரு முறை முடிப்பார். முறுக்கிய நட்டை மறுபடி முறுக்குவார். துடைத்த கண்ணாடியை மறுபடி துடைப்பார். விரலுக்கு ஒரு சந்து தட்டுப்பட்டால் கொஞ்சம் பசை வைப்பார். வீட்டிலும் அதே கதைதான். "நான் தாழ்ப்பாள் போட்டா அது சாத்தின கதவு இல்ல. இவர் வந்து ஒருதடவை இழுத்துப் பாக்கணும்" என்று மனைவி சிரித்துக்கொண்டே சொல்வார். இதைப் பொறுப்பு என்று சொல்வதா, வியாதி என்று சொல்வதா என்று கூட இருப்பவர்களுக்கே விளங்கியதில்லை.

பட்டறையின் ஒரு பாதி இவருடையது. மறு பாதியில் மனைவியின் தம்பி பெயின்ட் அடிப்பதும், வண்டியின் அடிப்பக்கத்துக்குத் துருப் பிடிக்காமல் கறுப்புப் பூச்சு பூசுவதுமாக இருக்கிறான். வாசல் மேஜையில் மனைவி சாவிகளை வாங்கி மாட்டுவார். மைத்துனன் வேலைமீது வக்கீலுக்கு எந்தப் புகாரும் கிடையாது. ஆதாரம் இல்லாத சந்தேகம் மட்டும் உண்டு.

அந்த ஆதாரம் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் வந்து இறங்கியதாகத்தான் அவர் முதலில் நினைத்தார். பல் டாக்டர் அம்மா ஒருவருடைய கார். தரையோடு தரையாகக் கிடக்கும். அதில் ஏறுவது என்று சொல்ல முடியாது, இறங்கித்தான் உட்கார வேண்டும். "பிரேக் போட்டா யாரோ குடத்தைச் சாய்க்கிற மாதிரி சத்தம் வருது. உள்ள ஒரு சொட்டு ஈரம் இல்ல" என்றார் டாக்டர். வெள்ளத்தில் விட்டீர்களா, யாருக்காவது இரவல் கொடுத்தீர்களா, பின்னால் தண்ணீர்க் கேன் ஏற்றினீர்களா என்று வக்கீல் துருவினார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றே பதில். கடைசியாக அந்த அம்மா சிரித்துவிட்டார். "ரெண்டு வேளை பல் தேய்க்கிறேன்னு தினமும் என்கிட்ட பொய் சொல்றாங்க. பொய் எப்படி இருக்கும்னு எனக்கும் தெரியுங்க." சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். வக்கீல் "ம்" என்றார்.

முதல் சந்தேகம் எஞ்சினைக் குளிரவைக்கும் தண்ணீர்மேல். அந்தக் குழாயில் காற்று புகுந்தால் டேஷ்போர்டுக்குப் பின்னால் களகளவென்று கேட்கும். திருப்புளியை ஊன்றிக் கேட்டார், குழாய் சுத்தம். அடுத்து மைத்துனனை ஓட்டச் சொல்லிவிட்டு, பக்கத்து இருக்கையைச் சாய்த்துப் படுத்து, திருப்புளி முனையைக் கதவடி விளிம்பில் வைத்துக்கொண்டார். பட்டறைக்குப் பின்னாலிருந்த காலி இடத்தில் கார் போய்ப் போய் நின்றது. நிற்கும்போது முன்பக்கம் ஒரு சளக். கிளம்பும்போது பின்பக்கம் ஒரு சளக். நின்ற பிறகும் ஒரு கணம் உள்ளே ஏதோ ஆடி அடங்கியது.

"நல்லா மிதி. உன் வேலை வெளிய வந்துடும்னு பயமா?" என்றார் கண்ணைத் திறக்காமல்.

மைத்துனன் நன்றாகவே மிதித்தான். தண்ணீர் இருக்கும் இடம் தெரிந்துவிட்டது. கதவுக்குக் கீழே, முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம்வரை ஓடும் வெற்றுப் பெட்டி. மழைத் தண்ணீர் கண்ணாடி ஓரமாக அதற்குள் இறங்கி, அடியில் உள்ள சின்னத் துளைகள் வழியே வெளியேறிவிட வேண்டும். வெளியேறவில்லை என்றால் துளை அடைபட்டிருக்கிறது. மழைக்காலத்துக்கு முன்னால் இந்தக் கார் அடிப்பூச்சுக்கு இதே பட்டறைக்கு வந்திருந்தது. பூசியவன் பக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

இறங்கி வந்து, மனைவி காதிலும் விழட்டும் என்றே சொன்னார். "உன் பூச்சு ஓட்டையை அடைச்சிருந்தா, நாளையிலருந்து நீ வேற இடம் பாத்துக்க மாப்ள."

மைத்துனன் கையைத் துடைத்தான். "சரி மாமா. அடைக்கலன்னா?"

வக்கீல் திரும்பிக்கொண்டு கொக்கிக் கம்பியைத் தேடினார். மனைவிதான் சாவிகளை மாட்டிக்கொண்டே, "தீர்ப்பை எழுதிட்டு விசாரிக்கிறார் உங்க மாமா" என்றார். குரலில் வழக்கமான சிரிப்பு இல்லை. தம்பி போனால் இந்த மேஜையில் தான் எந்த முகத்தோடு உட்காருவது என்று அவர் கணக்குப் போட ஆரம்பித்திருக்க வேண்டும்.

காரை லிஃப்டில் தூக்கினார்கள். மைத்துனன் விளக்கைப் பிடித்தான். அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புப் பூச்சு, ஒரு திட்டு இல்லாமல் படிந்திருந்தது. துளை இருக்கவேண்டிய இடங்களில் மட்டும் வட்டமாகப் பூச்சே இல்லை; பூசும்முன் துளைமேல் டேப் ஒட்டி, பிறகு உரித்திருக்கிறான். அந்த வட்டங்களுக்கு நடுவே காய்ந்து இறுகிக் கிடந்தது சாம்பல் நிறப் பசை.

வக்கீல் கொக்கிக் கம்பியால் ஒன்றை நெம்பினார். மூடி கழன்று விழ, அழுகின இலை வாடையோடு தண்ணீர் அவர் முழங்கை வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. அவர் நகரவில்லை. தண்ணீரும் சீக்கிரம் நிற்கவில்லை. அடிப்பூச்சு பூசி முடித்த அந்தச் சாயங்காலம் அவருக்கு நினைவுக்கு வந்தது. மைத்துனன் வீட்டுக்குப் போய்விட்டான். காரைக் கீழே இறக்கியாகிவிட்டது. தாழ்ந்த வண்டி, அடியில் புக முடியாது. கையை மட்டும் விட்டுத் தடவினார். வழவழப்புக்கு நடுவே அங்கங்கே ஒரு சொரசொரப்பு தட்டுப்பட்டது. பயல் பூசாமல் விட்டிருக்கிறான் என்று நினைத்தார். பையில் குழாய் இருந்தது.

இப்போதும் இருந்தது. ஈரச் சட்டையில் அதன் உருவம் அப்படியே தெரிந்தது. மைத்துனன் அந்தப் பையைப் பார்க்கவில்லை. விளக்கை ஆடாமல் பிடித்தபடி, தரையில் ஓடும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூட வக்கீல் தாங்கிக்கொண்டிருப்பார்.

"யாரு அடைச்சதாம்?" என்று வாசலிலிருந்து மனைவி குரல் கொடுத்தார்.

"பூச்சு இல்ல. என் பசைதான்" என்றார் வக்கீல். இவ்வளவு மெதுவாக அவர் பேசி அந்தப் பட்டறை கேட்டதில்லை.

மற்றத் துளைகளையும் திறந்து, வடியவிட்டு, காரை இறக்கினார்கள். மைத்துனன் பழக்கப்படி ஓட்டுநர் பக்கம் போனான். வக்கீல் அவனை முந்திக்கொண்டு அந்த இருக்கையில் உட்கார்ந்தார். திருப்புளிப் பிடியைச் சட்டையின் காய்ந்த பக்கத்தில் துடைத்து, பிடி அவன் பக்கம் இருக்கும்படி நீட்டினார்.

"நீ படுத்துக் கேளு மாப்ள. நான் ஓட்டறேன்."

மைத்துனன் வாங்கத் தயங்கினான், வாங்கினான். குழிந்த பக்கம் எது என்று தடவிப் பார்த்துக் காதில் பொருத்திக்கொண்டான். காலி இடத்தில் கார் ஓடியது. வக்கீல் பிரேக்கை ஓங்கி மிதித்தார். மறுபடி கிளப்பி, மறுபடி மிதித்தார்.

"ஒண்ணுமில்ல மாமா. காஞ்சு கெடக்கு."

வக்கீலின் கை பழக்க தோஷத்தில் திருப்புளியை நோக்கி நீண்டது. பாதி வழியில் திரும்பிவந்து, சாவியைத் திருகி எஞ்சினை அணைத்தது.