மைனஸ் நாலு வயது

யுத்த காலத்தில் மட்டக்களப்பு நகரில் கணினி படித்த எங்களுக்கு ஒரு தேர்வு வைத்தார்கள். மென்பொருளில் பிழை பிடிக்கும் வேலைக்கு ஒரு கொழும்புக் கம்பெனி ஒரே ஒருவரை எடுக்கும். அந்த ஒருவர் நானாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் வீட்டில் பேசி வைத்திருந்த மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டவேண்டும். அவர் விடும் குறட்டைக்குக் கோழி எழும்பிக் கூவும் என்று அவருடைய தங்கச்சியே சொல்லியிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பதியும் புரோகிராம் ஒன்றைத் தந்தார்கள். கண்டபடி குழப்பிப் பார்த்து, அது எங்கே பிழைக்கிறது என்று கண்டுபிடிக்கவேண்டும். எல்லாரும் என்ன செய்தார்கள்? தங்கள் சொந்தப் பெயர், வயது, ஊர், அடையாள அட்டை இலக்கம் எல்லாவற்றையும் ஒரு எழுத்துப் பிசகாமல் அடித்தார்கள். புரோகிராம் அழகாக வேலை செய்தது.

சோதிக்க வந்த ஐயா தலையில் கை வைத்தார். “பொய்யாக் குடுங்க பிள்ளைகள்! தாறுமாறாக் குடுங்க!”

“பொய் சொல்லி எங்களப் பிடிச்சா, ஆரு சேர் வந்து வெளிய எடுக்கிற?” என்று களுதாவளைப் பொடியன் கேட்டான்.

அவனைக் குறை சொல்லமுடியாது. பாலம், சந்தி, பஸ், எங்கே மறித்தாலும் உண்மையைச் சொல்லிச் சொல்லியே நாக்குப் பழகிவிட்டது. விரலும்தான்.

எனக்கு அன்று விசர். காலையில் பாலத்துச் சோதனையில் ஆமிக்காரன் என் சோற்றுப் பார்சலுக்குள் விரலை விட்டுக் கிண்டியிருந்தான். பொரித்த மீனுக்குள் குண்டு தேடினானாம். அந்தக் கோபத்தில் அடித்தேன்.

வயது: மைனஸ் நாலு. “நன்றி” என்றது புரோகிராம். பிறந்த திகதி: நாளை. நன்றி. ஆண். கர்ப்பமா? ஓம். நன்றி. ஊர்: வாவிக்குள். நன்றி.

பக்கத்தில் இருந்த தன்னாமுனைக்காரி எட்டிப் பார்த்தாள். “என்ன கா இது? பொறக்க முந்தியே புள்ளத்தாச்சியா? அதுவும் ஆம்பிள!”

“வாயப் பொத்து கா. நீ உன்ட அட்டை நம்பரையே அடிச்சிக்கிட்டு இரி.”

பிறக்க முதல் செத்ததாக ஒரு திகதி போட்டேன். திரை நீலமாகி, மெஷின் விறைத்துப்போனது. ஐயா ஓடிவந்தார். ஏச்சு விழும் என்று எழும்பி நின்றேன்.

“இதத்தானே கேட்டனான்!” என்று கை தட்டினார். வேலை எனக்கென்று அங்கேயே சொல்லிவிட்டார். குறட்டை தப்பியது.

திரும்பும்போது பாலத்தில் அதே ஆமிக்காரன் வயது கேட்டான். மைனஸ் நாலு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு உண்மையைச் சொன்னேன். அட்டையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், திரும்ப அட்டையைப் பார்த்தான். பிறகு இன்னொருவனையும் பார்க்கக் கூப்பிட்டான்.

அந்தப் புரோகிராமாவது நன்றி சொன்னது.