பூங்கோதை கொடுத்த ஜீவனாம்சம்

டெல்லி கிட்வாய் நகர் பால் பூத் வரிசையில் யாரோ சொன்னதாக ராஜம் சொன்ன சேதி அது. நல்லசிவம் வீட்டுக்குக் கூலர் வந்திருக்கிறதாம், பின்னாலேயே கலர் டிவியும் வரப்போகிறதாம், எல்லாம் தவணையில்தானாம். பெண் தன்னோடு தங்கிவிட்டால் பெண்டாட்டிக்குக் கொடுக்கிற மாதப் பணம் நின்றுவிடும், அதிலேயே தவணை கழிந்துவிடும் என்று ஆபீஸில் சொல்லிச் சிரித்தானாம்.

"நான் காதால கேக்கலைடி, கேட்டவா சொன்னா. ஆனா கூலரைக் கண்ணால பார்த்தேன். மேலேர்ந்து எங்காத்து பால்கனியில ஜலம் சொட்டறது," என்றாள் ராஜம்.

அவள் நல்லசிவத்தின் குவார்ட்டர்ஸுக்குக் கீழ் வீடு. புருஷனுக்கு ஆபீஸ் கொடுத்த போன் இருந்தது. பூங்கோதைக்கும் போனுக்குப் பஞ்சமில்லை. கன்னாட் பிளேஸில் ஒரு தனியார் கம்பெனியின் டெலிபோன் போர்டே அவள் கையில் இருந்தது. காதில் மாட்டிய கருவியோடு முழுவதையும் கேட்டாள். "அச்சா," என்று மட்டும் சொல்லிவிட்டு பிளக்கைப் பிடுங்கினாள்.

புருஷனைவிட்டு வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. பெண் வேணியின் செலவுக்காக மாதம் நூற்றைம்பது ரூபாய் என்று கோர்ட்டில் தீர்ப்பானபோது, மணியார்டரில் அனுப்பச் சொன்னார் அவளுடைய வக்கீல் லட்சுமணன். மணியார்டர் கமிஷனை எவன் கொடுப்பான், வேண்டுமானால் ஆபீஸுக்கு வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்றான் நல்லசிவம். அன்று அவளுக்கு வேலை இல்லை. போனாள். சம்பளத் தேதியில் பீடி பிடிக்கும் பியூன்களுக்கு நடுவே வராந்தாவில் நிற்க வைப்பான். உள்ளே டீ வரும், போகும், அவன் வரமாட்டான். கடைசியில் கூப்பிட்டு, நாலு மேஜைக்காரர்கள் பார்க்கப் பத்து ரூபாய் நோட்டுகளாக எண்ணிப் போடுவான். "பென்ஷன்வாலீ ஆ கயீ," பென்ஷன்காரி வந்துவிட்டாள் என்பான். செக்‌ஷனே சிரிக்கும்.

பிறகு வேலை கிடைத்தது. அந்தப் பணம் இல்லாமலும் நடத்தியிருக்கலாம். விட்டால் அவன் ஜெயித்தது மாதிரி ஆகிவிடும் என்று, வீம்புக்கென்றே மாதா மாதம் போய் நின்றாள். பட்ட அவமானத்தில் ஒரு துளியையும் வீணாக்கவில்லை. எல்லாவற்றையும் வட்டிக்கு விட்ட மாதிரி உள்ளே போட்டு வைத்திருந்தாள்.

வேணிக்குப் பதினாலு வயது. அவளும் அம்மாவும் இருந்தது கரோல் பாகில், மொட்டை மாடியில் ஒற்றையாய் நிற்கும் பர்சாத்தி அறை. ஜூன் மாதத்தில் சுவரைத் தொட்டால் கை பொரியும். லீவுக்கு அப்பா வீட்டுக்குப் போனவள், பள்ளிக்கூடம் திறந்ததும் புத்தகத்தையும் யூனிஃபார்மையும் எடுத்துப்போக வந்தாள்.

"அங்கயே இருக்கேனேம்மா. இங்க தூக்கமே வரல. அங்க கூலர் இருக்கு. சண்டே சண்டே வந்துடுவேன், பக்கா."

பூங்கோதை யூனிஃபார்மை மடித்துக் கொடுத்தாள். "போயிட்டு வாட்டி," என்றாள். பெண்மேல் கோபமில்லை. வேகிற அறையிலிருந்து குளிர்ந்த அறைக்குப் போகிற பிள்ளையை என்ன சொல்ல? முதல் ஞாயிறு வந்தாள். அடுத்த ஞாயிறு சாயங்காலம்தான் வந்தாள். அதற்கடுத்த ஞாயிறு டிவியில் படம் என்று வரவில்லை.

பூங்கோதைக்கு வேணி வேண்டும். அதற்கு முன்னால், அவன் தன் எதிரில் கைகட்டி நிற்பதையும் ஒரு நாள் பார்க்க வேண்டும். இந்த இரண்டில் எது பெரிது என்று யாராவது கேட்டிருந்தால் வேணி என்றுதான் சொல்லியிருப்பாள். ஆனால் ராத்திரி படுத்தால் நினைவில் ஓடியது மற்றதுதான்.

நல்லசிவத்தின் வக்கீல் நோட்டீஸ் வந்தது. பெண் இப்போது தகப்பன் வீட்டில் இருப்பதால் மாதப் பணத்தை ரத்து செய்ய வேண்டும். லட்சுமணன் எதிர்த்து வாதாடத் தயாராக இருந்தார்.

"ரத்து பண்ணிரட்டும் சார். இனிமே நான் அவனுக்குத் தாரேன். மாசம் இருநூறு."

"என்னம்மா பேசறீங்க? எந்தக் கோர்ட்டும் உங்களைக் கொடுக்கச் சொல்லாது."

"சம்மதிச்சுக் கொடுக்கேன்னு எழுதுங்க. ஒண்ணாந்தேதி என் ஆபீஸுக்கு வந்து வாங்கிக்கிடணும். அதையும் எழுதுங்க."

லட்சுமணன் பேனாவை மூடினார். "வாங்கினதைவிட ஐம்பது அதிகமா எதுக்கு?"

"தூண்டில்ல வெறும் முள்ளையா மாட்டுவாங்க?"

அவர் சிரிக்கவில்லை. இது பெண்ணுக்குக் கொடுக்கிற பணமா, புருஷனுக்குக் கொடுக்கிற அடியா என்று கேட்டார். பூங்கோதை கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள்.

நல்லசிவம் விழுந்தான். கோர்ட் வாசலில் பல்லெல்லாம் தெரிய நின்றான். அவன் வக்கீல் மட்டும், 'நேரிலோ தாம் அனுப்பும் ஆள் மூலமோ' என்று ஒரு வார்த்தை சேர்த்தார். இதைக் கவனியுங்கள் என்று லட்சுமணன் இரண்டு தடவை சொன்னார். மீன் சிக்கிய குஷியில் அவள் கையெழுத்துப் போட்டாள்.

ஒண்ணாந்தேதி நல்லசிவம் சலவைச் சட்டையோடு வந்தான். பியூன் பச்சைமுத்துவிடம் அவள் முன்பே சொல்லி வைத்திருந்தாள்: கிட்வாய் நகர் பார்ட்டி யார் வந்தாலும் வராந்தாவில் நிற்க வேண்டும், நாற்காலி கூடாது, நான் சொல்லாமல் உள்ளே விடக்கூடாது. கண்ணாடித் தடுப்பு வழியே பார்த்துக்கொண்டே பம்பாய்க்கு ஒரு டிரங்க் கால், கான்பூருக்கு ஒரு டிரங்க் கால் என்று போட்டுக்கொண்டிருந்தாள். அவன் கால் மாற்றி நின்றான். மணி பார்த்தான். காலர் நனைந்தது. அந்தச் சட்டை நனைய நனைய அவளுக்கு வயிறு குளிர்ந்தது. டைப்பிஸ்ட் பெண்கள் எல்லோரும் இருக்கிற நேரமாகப் பார்த்து உள்ளே கூப்பிட்டாள். பத்து ரூபாய் நோட்டுகளாக எண்ணி வைத்தாள்.

"பென்ஷனை எண்ணிக்கோங்க. அப்புறம் குறையுதுன்னு வந்து நிக்கப்பிடாது."

அவன் முகம் கறுத்தது. எண்ணினான். அன்று அவள் பஸ்ஸில் போகவில்லை. ஆட்டோ பிடித்துப் போய் வழியில் ஜிலேபி வாங்கினாள். அடுத்த மாதமும் வந்தான், அதைவிட அதிக நேரம் நின்றான்.

மூன்றாவது மாதம் போர்டில் ஒரே நெரிசல். பச்சைமுத்து எட்டிப் பார்த்து, "மேடம், கிட்வாய் நகர் பார்ட்டி," என்றான். "நிக்கட்டும்," என்றாள் திரும்பாமலே. இந்தத் தடவை மதியச் சாப்பாடு முடிகிற வரைக்கும் நிற்க விட வேண்டும் என்று தீர்மானித்திருந்தாள். சாப்பிட்டாள். கை கழுவினாள். புடவையை நீவிவிட்டுக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள்.

யூனிஃபார்மில், தோளில் பையோடு வேணி நின்றுகொண்டிருந்தாள்.

"நீ எப்பம்ட்டி வந்தே?"

"காலையிலேயே. அப்பாதான் அனுப்பினார். அம்மா நிக்க வைப்பா, பேசாம நின்னு வாங்கிட்டு வான்னார்."

"என்னைக் கூப்பிட்டிருக்கலாம்லாட்டி?"

"அந்த அங்கிள்கிட்ட சொன்னேன், நான் உங்க பொண்ணுன்னு. கிட்வாய் நகர் பார்ட்டி யாரா இருந்தாலும் நிக்கணும், மேடம் ஆர்டர்னார்."

பச்சைமுத்து வேறெங்கோ பார்த்தான். உள்ளே வா, உட்கார், சாப்பிட்டாயா என்று பூங்கோதை அடுக்கினாள். வேணி உள்ளே வரவில்லை.

"சைன் எங்க பண்ணணும்?"

கையெழுத்துப் போட்டாள். பணத்தை எண்ணாமல் பையில் வைத்தாள். பூங்கோதை தோளைத் தொடப் போனபோது பையைச் சரி செய்கிற மாதிரி விலகினாள். ஞாயிறு வருவாயா என்று கேட்டதற்கு, "பாக்கலாம்மா," என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.

பூங்கோதைக்கு முதலில் அவன்மேல்தான் பொங்கியது. பெற்ற பெண்ணையே கேடயமாகப் பிடித்துவிட்டான், பாவி. கோர்ட்டுக்கு மறுபடி போய் இழுத்தடிக்கிறேன், குவார்ட்டர்ஸ் வாசலில் நின்று மானத்தை வாங்குகிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான், வேணியை நிற்க வைத்தது அவன் இல்லை என்பது கொஞ்சம் கொஞ்சமாக உறைத்தது.

பஸ் கிட்வாய் நகர் போய்ச் சேர்ந்திருக்கும் என்று தோன்றுகிற வரைக்கும் பொறுத்தாள். பிறகு ராஜம் வீட்டு நம்பரைச் சுழற்றினாள். அப்பன் ஆபீஸ் விட்டு வருவதற்குள் வேணியை லைனுக்குக் கூப்பிடச் சொல்ல வேண்டும். என்ன சொல்வது என்று இன்னும் வாய்க்கு வரவில்லை. குரல் கேட்டால் வந்துவிடும்.

ராஜம் வீட்டில் மணி அடித்தது. போர்டில் விளக்குகள் ஒவ்வொன்றாக மினுக்கத் தொடங்கின. மேனேஜர் லைனும் மினுக்கியது. அவள் எதையும் தொடவில்லை. அங்கே மணி அடித்துக்கொண்டே இருந்தது.