இரண்டு பேருக்கு மட்டும்

பன்னிரண்டு வயதில் நான் பொறுப்பான ஓர் உத்தியோகத்தில் இருந்தேன். அப்பா சொல்வதை அம்மாவிடமும், அம்மா சொல்வதை அப்பாவிடமும் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை. தெலுங்கு நாட்டில், சனத்நகரில் எங்கள் இரண்டு அறை வீட்டில் அவர்கள் நேருக்கு நேர் பேசி எட்டு மாதம் ஆகியிருந்தது. "உங்கப்பாட்ட சொல்லு, சோறு எடுத்து வச்சாச்சுன்னு" என்பாள் அம்மா, அப்பாவுக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டு. நானும் சிரிக்காமல் திரும்பச் சொல்வேன். சுடுசொல் ஏதாவது இருந்தால் வழியிலேயே விழுங்கிவிடுவேன்.

அக்காவுக்கும் அண்ணனுக்கும் இது தெரியாது. அக்கா கல்யாணமாகி அதே நகரத்தில் கச்சிபௌலியில் இருந்தாள். அண்ணனுக்கு பெங்களூரில் வேலை. அவர்கள் வருகிற நாட்களில் அப்பாவும் அம்மாவும் பிரமாதமாகச் சிரிப்பார்கள். நான் வாயைத் திறக்கக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு.

அந்த வருடம் அவர்களுடைய முப்பதாவது கல்யாண நாள். சம்பாதிக்கிற பிள்ளைகள் ஏதாவது வாங்கித் தர வேண்டாமா என்று அக்கா குதித்தாள். "அவங்க கல்யாணம், அவங்க கொண்டாடட்டும். நாம எதுக்கு நடுவுல?" என்றான் அண்ணன் போனில். அவனைக் கஞ்சன் என்று திட்டிவிட்டு, பெரிய ஓட்டலில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு கூப்பன் வாங்கிவந்து நீட்டினாள் அக்கா. இரண்டு பேருக்கு மட்டும்.

நான் இல்லாமல் அங்கே யார் யாரிடம் எப்படிப் பேசுவார்கள்? நானும் போவேன் என்று அடம்பிடித்தேன்.

"நக்கோ, வேண்டாம் ஏட்டி! ஒரு நாளாவது அவங்க ரெண்டு பேரும் தனியா போயிட்டு வரட்டும்" என்றாள் அக்கா. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளம்பும் நேரத்தில் அப்பாவின் சட்டைப்பையில் ஒரு துண்டுச் சீட்டைத் திணித்தேன். 'அம்மாவுக்கு ஐஸ் தண்ணி ஆகாது. தட்டு எடுத்துக் கொடுக்கவும். கோபப்படக் கூடாது.' அப்பா ஏதாவது கேட்டால் பதில் சொல்லவேண்டும் என்று அம்மாவின் காதில் ஓதினேன். அவள் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

அவர்கள் போனதும் அக்கா டிவியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நான் பால்கனியை விட்டு நகரவில்லை. தெருவில் ஆட்டோ வரும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். ஒருவர் மட்டும் இறங்கினால்? இன்னொருவர் எங்கே என்று யாரிடம் போய்க் கேட்பது? அக்காவிடம் என்ன சொல்வது? அவ்வளவு பயம் பரீட்சைக்குக்கூட நான் பட்டதில்லை.

நான்கு மணிக்கு ஆட்டோ வந்தது. இரண்டு பேரும் இறங்கினார்கள்.

"குடைய எடுத்தியா?" என்று அப்பா அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"எடுத்தாச்சு" என்றாள் அம்மா.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றோடு என் உத்தியோகம் போயிற்று. அதன்பிறகு கேஸ், கரண்ட் பில், என் ஸ்கூல் வேன் என்று எல்லாவற்றையும் அவர்களே பேசிக்கொண்டார்கள். ஒரு சண்டை கிடையாது.

பிளஸ் டூவை இங்கே இண்டர் என்பார்கள். நான் இண்டர் பரீட்சை முடித்த மாதம் அப்பா சொந்த ஊரான திருநெல்வேலிக்கே தனியாகப் போய்விட்டார். அம்மா அக்கா வீட்டுக்குப் போகத் துணிகளை மடித்துக்கொண்டே சொன்னாள்: "அந்த ஓட்டல்லதான் பிரிஞ்சிரலாம்னு பேசி முடிச்சோம். உனக்குப் படிப்பு முடியிற வரைக்கும் ஒரு வீடு வேணும்லா."

அவர்கள் ஓட்டலுக்குப் போய்வந்த அன்று சாயங்காலமே அண்ணனுக்குப் போன் போட்டு, பரிசு வேலை செய்துவிட்டது என்று கத்தியவள் நான்தான். ஐந்து வருடம் அந்தச் சந்தோஷத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொண்டார்கள்.