காதர் பாயைக் காணவில்லை

போன வாரம் ஒரு சாயங்காலம், ஒரு பெரியவரைக் காணவில்லை என்று ரேடியோவில் அறிவித்தார்கள். அறிவித்த நேரத்தில் அந்தப் பெரியவர் என் எதிரில் உட்கார்ந்து, டீயில் பிஸ்கட்டை நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சிரிப்பு வருகிறதா? எனக்கும் முதலில் வந்தது.

பெரியவர் பெயர் காதர் பாய். மேற்குத் தாம்பரத்தில் என் பக்கத்து வீட்டுக்காரர். பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனவர். கொஞ்ச காலமாக மறதி. சாவியை எங்கே வைத்தோம் என்கிற மறதி இல்லை... சொந்த வீட்டு ஹாலில் உட்கார்ந்துகொண்டே, "இது யார் வூடு?" என்று கேட்கிற மறதி.

மகன் சலீம் பொறுமைசாலி. "நம்ம வூடுதான் அத்தா" என்பான். அவர் நம்ப மாட்டார். உடனே சலீம் ரேடியோவைப் போடுவான். சென்னைக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் என்று நடக்கிற அரசு வானொலி. வருஷக்கணக்கில் பழகிய அந்தக் குரல்கள் கேட்டதும் பாயின் முகம் தெளிந்துவிடும். "ஆமா, நம்ம வூடுதான்" என்று சாய்ந்து உட்காருவார்.

பெற்ற மகனை நம்பாதவர் ரேடியோவை நம்பினார்! அந்த நிலையத்தை முழுசாக நம்புகிற கடைசி நேயர் அவராகத்தான் இருக்கும். மற்றவர்கள் பிரைவேட் எஃப்.எம். பக்கம் போய் ரொம்ப நாளாயிற்று. அங்கே கத்துகிறார்கள்தான். ஆனால், கத்துகிறவர் உயிரோடு இருக்கிறார் என்றாவது தெரிகிறது.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து பல்லாவரம் சந்தைக்குப் போன பாய் திரும்பி வரவில்லை. சலீமும் நானும் பைக்கில் ஜி.எஸ்.டி. ரோட்டை அளந்தோம். குரோம்பேட்டை பஸ் ஸ்டாப், சானடோரியம் ஸ்டேஷன், சந்தைக் கடைகள்... எங்கும் இல்லை. போலீஸில் புகார் கொடுத்தோம். அங்கிருந்து வெளியே வரும்போது சலீம்தான் சொன்னான்.

"சார், ரேடியோல சொல்லச் சொல்லுங்க சார். எங்கயாவது டீக்கடைல ஓடும். அத்தா காதுல விழுந்தா போதும். ரேடியோ சொன்னா, கேட்டு வூட்டுக்கு வந்துடுவாரு."

சொல்லும்போதே அவனுக்குக் குரல் உடைந்துவிட்டது.

நிலையத்தில் ஓர் அதிகாரி எனக்குப் பழக்கம். போன் செய்தேன்.

"போலீஸ் லெட்டர் வேணும் சார். அதுல எங்க டைரக்டர் கையெழுத்துப் போடணும். டைரக்டர் இன்னிக்கு இல்லை. நாளைக்கு சனிக்கிழமை..."

"பாட்டுக்கு நடுவுல ஒரே ஒரு வரி சொன்னா போதும் சார்!"

"பாட்டுக்கு நடுவுல அப்படியெல்லாம் சொல்ற வழக்கம் இல்லையே சார்."

அவருக்குப் பின்னால் நிகழ்ச்சி ஓடுவது எனக்குக் கேட்டது. வண்டலூரிலிருந்து ஒரு பெண்மணி போனில் வந்திருந்தார். அறிவிப்பாளர் கேட்டார்: "சாப்டாச்சா? என்ன குழம்பு?" "வத்தக்குழம்பு மேடம்." "அடடா... தொட்டுக்க அப்பளமா?"

அப்பளத்துக்கு யார் கையெழுத்தும் வேண்டாம். மனுஷனுக்குத்தான் வேண்டும்!

போலீஸ் லெட்டரை வாங்கி, நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் வந்தோம். வேறு வழி?

மறுநாள் காலையில் பாய் கிடைத்தார். எங்கே தெரியுமா? அதே வண்டலூரில், மிருகக்காட்சி சாலை வாசலில். சவாரிக்கு வந்த ஒரு ஆட்டோக்காரர், "இன்னா பாய், தனியா குந்திகினு கீறே... எங்க போணும்?" என்று கேட்டிருக்கிறார். பாய் தாம்பரம் பள்ளிவாசல் பெயரை மட்டும் சொல்லியிருக்கிறார். அவர் கொண்டுவந்து பள்ளிவாசலில் விட்டார். அங்கிருந்தவர்கள் வீட்டில் சேர்த்தார்கள். இவ்வளவுதான் விஷயம். அந்த ஆட்டோக்காரருக்கு மேலே ஒரு டைரக்டர் இல்லாதது எங்கள் அதிர்ஷ்டம்.

உடனே அதிகாரிக்குப் போன் செய்து, ஆள் கிடைத்துவிட்டார், அறிவிப்பு வேண்டாம் என்றேன். "ரொம்ப சந்தோஷம் சார்" என்றார். அந்தச் சந்தோஷத்தை அவர் யாரிடமும் பகிர்ந்துகொள்ளவில்லை என்று எனக்குப் போன வாரம்தான் தெரிந்தது.

சலீம் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு பாட்டு முடிந்தது. பிறகு அந்தப் பழகிய குரல், அட்சர சுத்தமாக: "காணவில்லை. தாம்பரத்தைச் சேர்ந்த காதர் என்பவர், மாநிறம், வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட கைலி அணிந்திருந்தார்..."

சலீம் பாய்ந்து போய் ரேடியோவை அணைத்தான். அதற்குள் பாய் கேட்டுவிட்டார். பிஸ்கட் டீக்குள் விழுந்தது. குனிந்து தன் கைலியைப் பார்த்தார். கட்டம் போட்ட கைலிதான்.

"அப்ப... நான் இன்னும் வூட்டுக்கு வரலையா சார்?"

"அத்தா, நீங்க வூட்லதான் இருக்கீங்க!" என்று சலீம் தோளைப் பிடித்தான்.

"இல்ல தம்பி, ரேடியோல சொல்றாங்களே. வூட்ல தேடுவாங்க... நான் கெளம்பறேன்." செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டைத் திறக்கப் போனார். சொந்த வீட்டு கேட்டை.

வந்த ஆத்திரத்தில் அங்கேயே நின்று அதிகாரிக்குப் போன் போட்டேன்.

"பாத்தீங்களா சார், மறக்காம போட்டுட்டோம்!" என்றார் பெருமையாக. "இன்னும் ரெண்டு தடவை வரும்."

"சார், அவர் எப்பவோ கிடைச்சுட்டார்! நானே உங்ககிட்ட சொன்னேனே!"

"அப்படியா? அப்ப கிடைச்சுட்டார்னு ஒரு லெட்டர் கொடுத்துடுங்க சார்."

இவர்களிடம் என்ன பேசுவது?

போனை வைத்தேன். கேட்டருகே சலீம் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். அவரோ, "விடு தம்பி, எம்மவன் தேடிகினு இருப்பான்" என்று கையை உதறிக்கொண்டிருந்தார்.

சலீமிடம் கண்ணைக் காட்டிவிட்டு உள்ளே போனேன். ரேடியோ மேஜைக்குப் பின்னால் ஜன்னல் திரை. இந்த வயதில், இந்தத் தொப்பையோடு, அதற்குப் பின்னால் குந்தி உட்கார்ந்தேன். அவன் அவரைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு வந்தான். "ஒரு நிமிஷம் கேட்டுட்டுப் போங்க அத்தா, ரேடியோல இன்னொரு தடவை சொல்றாங்க."

தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"நேயர்களுக்கு ஓர் அறிவிப்பு. காணாமல் போன தாம்பரம் காதர் பாய், நல்லபடியாக வீடு வந்து சேர்ந்துவிட்டார்."

பிறகு செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. நாற்காலி கிறீச்சிட்டது.

"ஆமா, நம்ம வூடுதான்" என்றார் பாய். "சலீம், டீ ஆறிப்போச்சு பாரு."

அந்த ஒரு வரியைச் சொல்ல நான் எந்த டைரக்டரையும் கேட்கவில்லை.