பன்னிரண்டால் வகுத்த குளிர்

சராசரி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு மூக்குப்பொடி நாற்றம் அடிக்கும். சராசரி மழை, சராசரி மகசூல் என்று கலெக்டர் கச்சேரியில் ஆயுள் முழுக்க எழுதித் தேய்ந்தவன் நான். ஆனால் நாற்றம் அங்கிருந்து வந்ததல்ல. என் அக்காளின் மாமனாரிடமிருந்து வந்தது. எனக்கும் அவர் மாமாதான்.

அவர் ஓய்வுபெற்ற தாசில்தார். பாளையங்கோட்டையில் அவர் வீட்டுக்குள் காற்று வரவும் அவர் உத்தரவு வேண்டும். அவர் மகன், என் அத்தான், மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். மகாயுத்தத்துக்குச் சில வருஷம் முன்பு, சீனாவில் தியென்சின் என்ற ஊரில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி அத்தானைக் குமாஸ்தாவாக எடுத்தது. அந்த ஊரின் உஷ்ணநிலையை மாதவாரியாக அச்சடித்த அட்டவணையையும் அனுப்பிவைத்தது. குளிர்காலத்தில் 'ஸ்நோ' விழும், கம்பளி உடுப்பும் கனத்த பூட்சும் இல்லாமல் வர வேண்டாம் என்று கடிதத்தில் கண்டிருந்தது. ஸ்நோவைப் பனி என்று மொழிபெயர்த்து வீட்டாருக்கு வாசித்தவர் மாமாதான்.

பிறகு பொடி படிந்த விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு, பன்னிரண்டு மாதத்தையும் கூட்டினார். பன்னிரண்டால் வகுத்தார். மூக்கிலிருந்து பழுப்பாக ஒரு சொட்டு ஜூலை மேல் விழுந்தது. துடைக்கவில்லை.

"கொடைக்கானல்தான்வே! தொரைமாரு காசு கொடுத்துப் போற குளிருக்கு இவன் சம்பளம் வாங்கிட்டுப் போவுதான்."

"மாமா, ஜனவரியைப் பாருங்க. தண்ணி உறைஞ்சுபோற குளிரு. ஜூலையில நம்ம ஊரு மாதிரி வேகுது. ரெண்டையும் கூட்டினா…" என்றேன்.

"கூட்டினா சமமாப் போச்சுல்லா? அதுக்குத்தானவே சராசரி!"

"பனி விழும்னு எழுதியிருக்கானே."

"மார்கழியில இங்கன விழலியா? தலையில துண்டைக் கட்டிக்கிட்டு கோயிலுக்குப் போகுதோம்லா? பனிக்கு எவன்வே பூட்ஸ் போடுதான்?"

எங்கள் ஊரில் அந்தக் கணக்கு யாரையும் கொல்லாது என்பதையும் சொல்ல வேண்டும். இங்கே தை மாதமும் வெயில்தான், சித்திரை இன்னும் கொஞ்சம் வெயில். ஆனி, ஆடியில் மலைப்பக்கத்துச் சாரல் காற்று வந்து முகத்தைத் தடவிவிட்டுப் போகும். பன்னிரண்டையும் கூட்டி வகுத்து வருகிற வெக்கை எந்த நாளும் தெருவில் கிடைக்கும். தியென்சினில் அந்தச் சராசரி வசந்தத்தில் சில நாள், இலையுதிர்காலத்தில் சில நாள் தலைகாட்டும். மற்ற நாளெல்லாம் ஒன்று விறைப்பு, இல்லாவிட்டால் மழையும் புழுக்கமும். அட்டவணையில் எல்லாம் இருந்தது. படிக்கத்தான் ஆளில்லை.

அக்காள் கதவோரம் நின்று, "இவுகளுக்குப் பூட்ஸ் மட்டுமாவது…" என்றாள்.

"மருமவ எப்ப சீனாவுக்குப் போய்ட்டு வந்தா?" என்றார் மாமா. அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். மதராஸிலிருந்து நான் தருவிக்கிறேன் என்றேன். தம் வீட்டுக்குப் பிச்சை வேண்டாம் என்றார் மாமா. அத்தான் கார்த்திகையில் கான்வாஸ் செருப்போடும் தலைத்துண்டோடும் கப்பலேறினார்.

முதல் கடிதத்தில், இங்கே ஆற்றின் மேல் வண்டி போகிறது என்று எழுதியிருந்தார்.

"பாலம் கட்டியிருப்பான்," என்றார் மாமா.

அடுத்த வருஷம் அத்தான் ஊன்றுகோலோடு வந்து இறங்கினார். இடது காலில் விரல் ஒன்றும் இல்லை. குளிரில் விறைத்துக் கறுத்துப்போனதால் அந்த ஊர் ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். கச்சேரியில் சராசரி தப்பினால் விளக்கம் கேட்பார்கள், எழுதுவோம், கோப்பை மூடுவோம். கால் விரலுக்கு அப்படியொரு நடைமுறை இல்லை.

மாமாவுக்கு இருந்தது. என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"கம்பெனிக்கு ஒரு மகஜர் எழுதும்வே. அட்டவணை தப்புன்னு நல்லா உறைக்க எழுதும். நான் போட்ட கணக்குல பிசகே இல்ல."

கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அத்தான் சுவரைப் பார்த்தார். காப்பி கொண்டுவந்த அக்காள் தம்ளரை மாமா முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"எதுக்கு மாமா மகஜரு? ரெண்டு காலையும் கூட்டி ரெண்டால வகுத்துப் பாருங்க. சராசரியா காலுக்கு ரெண்டரை வெரல் இருக்குல்லா இவுகளுக்கு."

மாமா ஒரு சிட்டிகைப் பொடியை ஏற்றிக்கொண்டு தும்மினார். அதே விரலால் காப்பியில் மிதந்த ஆடையை எடுத்துப் போட்டுவிட்டு, நிதானமாக ஆற்றிக் குடித்தார்.